ஆற்றின் இழுப்பிலேயே ஆற்றைக் கடக்கும் வடப்படகு: தொடங்கியது எங்கே, தேய்ந்தது ஏன்?

ஆற்றங்கரையான் எழுதியது:

போக்குவரத்து வரலாறு என்றாலே ரயிலும் நீராவிக் கப்பலும்தான் பேச்சு. எஞ்சினோ துடுப்போ இல்லாமல், ஆற்றின் இழுப்பை மட்டும் நம்பி அக்கரைக்குப் போகிற வடப்படகைப் பற்றி இங்கே யாரும் எழுதிப் பார்த்ததில்லை. 350 ஆண்டுகளுக்கு மேலாக ஓடிவருகிற ஏற்பாடு இது. இன்றைக்கும் ஜெர்மனியில் காரும் டிராக்டரும் இதில் ஏறி ஆற்றைத் தாண்டுகின்றன. இத்தனை நல்ல ஒன்று ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டது என்பது என்னை வெகுநாளாகக் குடைகிற கேள்வி.

தெளிவான ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1657, நெதர்லாந்தின் நைமேகன் நகரம். ரைன் ஆறு அந்த நாட்டுக்குள் நுழைந்ததும் பிரிகிற கிளைகளில் பெரியது வால் ஆறு. நைமேகன் அதன் கரையில் இருக்கிறது. அகலமான ஆறு, கப்பல் நடமாட்டமும் அதிகம். அன்றைய கட்டுமானத் திறனுக்கு அங்கே நிலையான பாலம் எட்டாக்கனி. துடுப்புப் படகில் கிளம்பினால் இழுப்பு அடித்துக்கொண்டுபோய் எங்கோ கீழே கரைசேர்க்கும். குதிரை, வண்டி, சரக்கு என்று ஏறியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஹென்ட்ரிக் ஹொய்க் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். மேலோட்டத்தில், அதாவது தண்ணீர் வருகிற திசையில், வெகுதூரத்தில், ஆற்றின் நடுவே ஒரு நங்கூரம். அதிலிருந்து நீளமான வடம். வடம் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடாமல் இருக்க இடையிடையே சிறு படகுகள் அதைச் சுமந்து மிதக்கும். வடத்தின் கடைசியில் பெரிய படகு: இரண்டு ஓடங்களை இணைத்து மேலே பலகைத் தளம் போட்டது. சுக்கானை ஒருபக்கம் திருப்பினால் படகும் வடமும் சிறு படகுகளும் மொத்தமாக வில் வளைவில் நகர்ந்து அக்கரையைத் தொடும். மறுபக்கம் திருப்பினால் அதே வளைவில் திரும்பி வரும். ‘ஸெல்டன்ரஸ்ட்’ என்று பெயர் பெற்ற அந்தத் துறைப்படகு 1936இல் வால் ஆற்றுப் பாலம் திறக்கும்வரை மக்களைக் கடத்திவிட்டது. ஒரே துறையில், ஒரே முறையில், 279 ஆண்டுகள்.

பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ரைன் கரையில் கொலோன், பான் என்று ஊருக்கு ஊர் இதே ஏற்பாடு பரவியது. கொலோனில் 1822இல் மிதவைப் பாலம் போடும்வரை எதிர்க்கரை டோய்ட்ஸுக்குப் போக இதுதான் வழி.

‘பாலம் வந்தது, படகு போனது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. எந்தெந்த ஆற்றில் இது இன்னும் மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் வேறொரு காரணம் கண்ணில் படுகிறது. அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

நொய்யல் எழுதியது:

அண்ணா, நல்ல விஷயம் எடுத்தீங்க. ஆனா எனக்கு அடிப்படையே பிடிபடலை. ஆறு கீழ்நோக்கித்தானே தள்ளும்? குறுக்கே எப்படிப் போகும்? பவானியில பரிசல் போறவன் நான். அங்கே கரையோரமாவே மேல கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போய், அப்புறம் ஆத்துல விட்டுத் துடுப்பு போட்டுக் கடப்பாங்க. துடுப்பை நிறுத்தினா பரிசல் நேரா கீழேதான் போகும்.

வாத்தியார் எழுதியது:

நொய்யல் தம்பி, கேள்வி சரியான இடத்தில் இருக்கிறது. பரிசலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வடம்தான். பட்டம் விட்டிருப்பீர்கள். நூல் அறுந்த பட்டம் காற்றோடு போய்விடும். நூல் பிடித்திருப்பதால்தான் அதே காற்றில் மேலே ஏறுகிறது. இங்கே காற்றுக்குப் பதில் தண்ணீர், நூலுக்குப் பதில் வடம்.

படகு ஓட்டத்துக்கு நேராக, முனை மேலோட்டத்தைப் பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக வழுக்கிப் போகும். வடம் விறைத்து நிற்கும், படகு அசையாது. இப்போது முனையைக் கொஞ்சம் அக்கரைப் பக்கம் திருப்புங்கள். விட்டுவந்த கரையைப் பார்த்த விலாவில் தண்ணீர் சாய்வாக மோதும். அந்த மோதலை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பங்கு படகைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது; அதை வடம் தாங்கிக்கொள்கிறது. மறுபங்கு குறுக்கே தள்ளுகிறது. அதைத் தடுக்க எதுவும் இல்லை. படகு குறுக்கே நகர்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

முனையைத் திருப்ப இரண்டு வழி. ஒன்று சுக்கான். மற்றது, கார் ஏற்றுகிற பெரிய படகுகளில் வழக்கமானது: படகின் முன்முனையிலிருந்து ஒரு கயிறு, பின்முனையிலிருந்து ஒரு கயிறு, இரண்டும் வடத்தோடு சேரும். முன்கயிற்றைச் சுருக்கிப் பின்கயிற்றை நீளவிட்டால் படகு தானே சாய்ந்து நிற்கும். திரும்பி வரும்போது மாற்றிச் செய்ய வேண்டியது. கயிறு சுற்றியிருக்கிற சகடையைச் சில சுற்று சுற்றினால் போதும்.

கோணத்தில்தான் படகோட்டியின் கைத்திறன் இருக்கிறது. சாய்வு போதாவிட்டால் படகு ஊரும். அளவுக்கு மீறிச் சாய்த்தால் வடத்தில் இழுவிசை ஏறும். படகின் மேலோட்டப் பக்க விளிம்பு அமுங்கித் தண்ணீர் தளத்துக்கு ஏறப் பார்க்கும். வெள்ளக்காலத்தில் இந்தப் படகுகளை நிறுத்திவைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும், பின்னால் பேச்சுக்கு உதவும். தண்ணீர் தள்ளுகிற விசை ஓட்டவேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஓட்டம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. ஓட்டம் பாதியானால் விசை கால்பங்கு.

பாசல்வாசி எழுதியது:

வணக்கம். நான் சுவிஸில பாசலில இருக்கிறன். இந்த நகரத்துக்க ரைன் ஆத்தில நாலு படகு இப்பவும் இந்த முறையிலதான் ஓடுது. மேல இருந்து கீழ வரிசையாச் சொன்னால் ‘வில்ட் மா’, ‘லொய்’, ‘ஃபோகல் கிரிஃப்’, ‘ஊய்லி’. ஊரில ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில ‘பாதை’ எண்டு நாங்கள் சொல்லுற துறைப்படகில போய்வந்து பழகின எனக்கு, இஞ்ச முதல் ஏறேக்க சத்தமே இல்லாமல் போனதுதான் பிடிபடேல்லை.

இஞ்ச நங்கூரம் இல்லை. ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்குத் தலைக்கு மேல உயரமா இரும்பு வடம் கட்டியிருக்கு. அதில ஒரு கப்பி ஓடும். கப்பியில இருந்து இறங்கிற கயிறுதான் படகைப் பிடிச்சிருக்கிறது. மரப்படகு, பாதிக்குக் கூரை, ரெண்டு பக்கமும் வாங்கு. கரை சேர்ந்ததும் படகோட்டி செய்யிறது பாக்கவேணும். கயிறு வந்து சேருற நெம்புகோலை அப்பிடியே மற்றப் பக்கத்துக்குத் தள்ளுவார், பிறகு சுக்கானைத் திருப்புவார். படகு ஒருக்கா யோசிக்கிற மாதிரி நிண்டு, பிறகு முனையைத் திருப்பிக்கொண்டு கிளம்பும். கப்பி மேல உருளுற மெல்லிய சத்தமும் தண்ணி பலகையில அடிக்கிற சத்தமும்தான். படகு அக்கரையில நிண்டால் இஞ்சத்தைய இறங்குதுறையில மணி இருக்கு, அடிச்சால் வருவார்.

வரலாறு இன்னும் வடிவு. பாசலில முதல் மரப்பாலம் 1226ஆம் ஆண்டளவிலயே வந்திட்டுது. ஆனால் அதுக்குப் பிறகு 600 வருசத்துக்கு மேல அந்த ஒரு பாலம்தான். நகரம் வளர்ந்தாப் போலயும் கீழ் ஊர், மேல் ஊர்ச் சனம் எல்லாம் சுத்திக்கொண்டுதான் போகவேணும். 1854இல நகரத்துக் கலைஞர் சங்கம் முதல் படகை விட்டது. ஏன் கலைஞர் சங்கம் எண்டு கேப்பீங்கள். அவைக்கு ஓவியக் கண்காட்சி வைக்க ஒரு மண்டபம் வேணும், கையில காசில்லை. படகுக் கட்டணத்தில சேர்ந்த காசு அதுக்கு உதவிச்சுது. 1872இல திறந்த பாசல் கலைமண்டபம் இண்டைக்கும் ஐரோப்பாவில பேர்போன கண்காட்சியகம். ஆத்தின்ர இழுப்பில எழும்பின கட்டடம் எண்டு நான் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறனான்.

1879இல வெட்ஸ்டைன் பாலம் வந்தாப்பிறகு அந்த முதல் துறைக்கு வேலையில்லாமல் போச்சு. படகை விடேல்லை, கதீட்ரலுக்குக் கீழ மாத்திக் கொண்டுபோயிட்டினம். பிறகும் பாலங்கள் வந்தது, படகும் ஓடிக்கொண்டுதான் இருக்கு. 1974இல சனமே சேர்ந்து படகுகளைத் தாங்க ஒரு சங்கம் தொடங்கிச்சினம். ஆரும் நம்பேலாத கதை சொன்னால் ‘உதைப் படகுக்காரனிட்டப் போய்ச் சொல்லு’ எண்டு பாசல் சனம் சொல்லும். அவ்வளவுக்கு அவையின்ர வாழ்க்கையில ஊறினது.

ஓவியப்பிரியை எழுதியது:

பாசல்வாசி அண்ணா, கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டீர்கள். கலைமண்டபத்துக் கதை எனக்குப் புதுசு.

ஆற்றங்கரையான் 1657 என்று தொடங்கியிருக்கிறார். லியோனார்டோ டா வின்சி அதற்கு முன்பே இதை வரைந்திருக்கிறாரே? 1513ஐ ஒட்டி அவர் மிலானுக்குக் கிழக்கே அட்டா ஆற்றங்கரையில், வாப்ரியோவில் தங்கியிருந்தார். அப்போது வரைந்த பேனா ஓவியம் ஒன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் சேகரிப்பில் இருக்கிறது. வாப்ரியோவுக்கும் எதிர்க்கரைக் கனோனிகாவுக்கும் நடுவே, குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி ஒரு படகு. அதே அட்டா ஆற்றில் கொஞ்சம் வடக்கே, இம்பெர்சாகோவுக்கும் வில்லா தட்டாவுக்கும் இடையே ஓடிய படகை எல்லாரும் ‘லியோனார்டோ படகு’ என்றே சொல்கிறார்கள். அப்படியென்றால் ஹொய்க்குக்கு எப்படி முதலிடம் கொடுப்பது?

ஆற்றங்கரையான் எழுதியது:

> ஹொய்க்குக்கு எப்படி முதலிடம் கொடுப்பது?

இதை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். லியோனார்டோ ஓவியத்தில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அவர் வரைந்தது தாம் கண்டுபிடித்த பொறியை அல்ல. ஏற்கெனவே அந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்த படகை. ஊர்மக்கள் அதற்கு முன்பே பயன்படுத்திய ஒன்று. அதனால் பெருமை பேர்தெரியாத அந்த அட்டா கரைப் படகோட்டிகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, குறுக்குக் கயிறு இருந்தாலே ஆற்றின் இழுப்பில் ஓடியது என்று ஆகிவிடாது. கயிற்றைக் கையால் பிடித்து இழுத்துப் போகிற படகுக்கும் அதே கயிறுதான். ஓவியத்தை வைத்து ஒரு தீர்ப்பும் சொல்ல மாட்டேன். ஆனால் குறுக்குக் கயிற்றில் கைவலிக்க இழுத்துப் பழகிய எவருக்கும் ஒருநாள் படகு சற்றே சாய்ந்து நிற்கும்போது தானாக நகர்வது தெரிந்தே தீரும். இது ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்த பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரான்ஸின் ரோன் ஆற்றிலும் குறுக்கு வடத்தில் கட்டிய படகுகள் நெடுங்காலம் ஓடின.

ஹொய்க் செய்தது வேறு. குறுக்கே வடம் கட்ட முடியாத அளவு அகலமான, பாய்மரக் கப்பல்கள் ஓயாமல் போகிற ஆற்றில், வடத்தை ஆற்றின் போக்கிலேயே நீளவாக்கில் போட்டார். அந்தத் துணிச்சலுக்கு அவர் பெயர் நிற்க வேண்டும்.

நொய்யல் எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி, இப்ப புரிஞ்சுது. ஒரே ஒரு சந்தேகம். பாசல்ல மாதிரி உயரத்துல கட்டிட்டா கப்பலுக்கும் தொந்தரவு இல்லையே. நைமேகன்ல ஏன் அப்படிச் செய்யலை?

பாலம்கட்டி எழுதியது:

கட்டுமானத்துறைக்காரன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். 1657இல் கையில் இருந்தது சணல் வடம்தான். தன் எடையிலேயே தொய்யும். மழையில் நனைந்தால் இன்னும் கனக்கும், வெயிலில் சுருங்கும், கப்பி உருள உருள நார் பிய்யும். ரோன் மாதிரி ஆற்றில் சமாளித்தார்கள். வால் ஆற்றின் அகலத்துக்கு, பாய்மரம் தட்டாத உயரத்தில் சணல் வடத்தை விறைப்பாக நிறுத்துவது நடக்கிற காரியம் இல்லை.

மாற்றம் வந்தது சுரங்கத்திலிருந்து. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில், கிளவுஸ்டால் வெள்ளிச் சுரங்கங்களில் இரும்புச் சங்கிலிகள் அறுந்து விபத்து நடந்தபடி இருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்தால் முழுவதும் போச்சு. சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்து பார்த்தார். நான்கு கம்பி சேர்ந்து ஒரு புரி, மூன்று புரி சேர்ந்து ஒரு வடம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கும். அறுந்தது கண்ணுக்கும் தெரியும். ஐரோப்பா முழுக்க இருபது, முப்பது ஆண்டுக்குள் இந்த வடம் பரவிவிட்டது. பாசலில் 1854இல் படகு தொடங்கியதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதே இரும்புக் கம்பிதான் படகுக்கு எதிரியாகவும் வந்தது. ரோன் ஆற்றில் டூர்னோன் என்ற ஊரில் மார்க் செகான் 1825இல் கம்பி வடத்தில் தொங்குபாலம் கட்டினார். அதன் பிறகு ரோன் நெடுகத் தொங்குபாலங்கள் எழும்பின, படகுகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின.

அதனால் ஆற்றங்கரையானிடம் மாறுபடுகிறேன். ‘பாலம் வந்தது, படகு போனது’ என்பது ஒற்றை வரி என்பதால் பொய்யாகிவிடாது. நைமேகன் 1936. கொலோன் 1822. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் ஸ்னேக் ஆற்றில் பில் மெனர் என்பவர் 1890களில் தொடங்கிய படகு. இரண்டு மிதவைக்கு மேல் தளம், குறுக்கே வடம். அது 1927இல் இரும்புப் பாலம் வந்ததும் நின்றது.

எல்லாவற்றையும்விட அழுத்தமான சாட்சி அரிசோனாவின் லீஸ் ஃபெர்ரி. கொலராடோ ஆறு அங்கே நூற்றுக்கணக்கான மைலுக்குச் செங்குத்துப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வண்டியோடு தண்ணீர்வரை இறங்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு இடம்தான். 1870களில் ஜான் லீ படகு விட்டார், பின்னாளில் வடம் கட்டினார்கள். சில மைல் கீழே நவாஹோ பாலத்தின் இரும்பு வளைவு எழும்பிக்கொண்டிருந்த நேரம், 1928 ஜூன் 7ஆம் தேதி படகு கவிழ்ந்து மூன்று பேர் இறந்தார்கள். படகை மறுபடி விடவே இல்லை. பாலத்துக்கு அக்கரையில் தேவைப்பட்ட பொருள்களை 800 மைல் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1929 ஜனவரியில் பாலம் திறந்தது. வெள்ளத்திலும் இரவிலும் ஒரே மாதிரி நிற்கிற பாலம் மக்களுக்குத் தேவைப்பட்டது. அதை நாம் குறைத்துப் பேசக்கூடாது.

ஆற்றங்கரையான் எழுதியது:

லீஸ் ஃபெர்ரியில் இறந்த மூவரை நினைத்தால் பாலத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் உங்கள் கணக்கில் விடுபட்டது ஒன்று இருக்கிறது. பெருநகரம் உள்ள இடத்திலும் நெடுஞ்சாலை போகிற இடத்திலும்தான் பாலம் கட்டினார்கள். ஆற்றின் நீளத்தில் அது சிறுபகுதி. மிச்ச நீளத்தில் இருந்த கிராமத் துறைகள் என்ன ஆயின? பாலமும் வராமல், படகும் நின்றுபோன துறைகள் எத்தனையோ. அங்கே அணை வந்து ஆற்றின் ஓட்டமே போய்விட்டது.

மிச்சமிருப்பவற்றைப் பார்ப்போம். ஜெர்மனியில் இந்தப் படகுகள் அதிகம் தென்படுவது எல்பே ஆற்றில்: பாறைக் குன்றுகளுக்கு நடுவே ராத்தன், வோர்லிட்ஸ் பூங்காவுக்குப் போகிற கோஸ்விக், அப்புறம் ஆக்கன், பார்பி. ஏன் எல்பே? செக் நாட்டின் ஸ்ட்ரெகோவ் தடுப்பணையைத் தாண்டினால், ஹாம்பர்க் அருகே 1960இல் கட்டிய கேஸ்ட்ஹாக்ட் தடுப்பணைவரை 600 கிலோமீட்டருக்கு மேல் அந்த ஆற்றின் குறுக்கே அணை ஒன்றுமே இல்லை. வேசர் ஆற்றிலும் அப்படியே. ஹாமல்னுக்கு மேலே ஓட்டம் தடைபடாத பகுதியில்தான் ஹேமல்ன், பொல்லே, குரோண்டே துறைகள்.

ஆஸ்திரியாவுக்குப் போங்கள். டான்யூப் அந்த நாட்டில் அணைப்படிக்கட்டாக மாறிவிட்டது. அணை இல்லாமல் ஓடுவது இரண்டே பகுதி: வியன்னாவுக்குக் கிழக்கே ஒன்று, வஹாவ் பள்ளத்தாக்கு மற்றொன்று. ஸ்பிட்ஸ், வைசன்கிர்ஷன் துறைப்படகுகள் வஹாவுக்குள்ளேதான் இருக்கின்றன. அங்கேயும் நீர்மின் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். திராட்சைத் தோட்டக்காரர்களும் ஊர்மக்களும் எதிர்த்து நின்று தடுத்தார்கள். 2000இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அணை வந்திருந்தால் ஸ்பிட்ஸ் படகுக்கு இன்று மோட்டார் மாட்ட வேண்டியிருந்திருக்கும்.

வாத்தியார் சொன்ன இருமடிக் கணக்கை இங்கே பொருத்துங்கள். அணைக்கு மேலே தேங்குகிற தண்ணீரில் ஓட்டம் மூன்றில் ஒன்றானால் படகைத் தள்ளுகிற விசை ஒன்பதில் ஒன்று. காரும் லாரியுமாகப் பத்து டன் ஏற்றி நிற்கிற படகு அதற்கு அசையாது. பாலம் ஒரு துறையை நிறுத்தும். அணை மேலே இருக்கிற துறைகளையெல்லாம் ஒரே நாளில் நிறுத்தும்.

பாசல்வாசி எழுதியது:

அண்ணை, உங்கட வாதம் எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனால் எங்கட ஊர் அதுக்குள்ள அடங்கேல்லையே. பாசலுக்கு மேல பிர்ஸ்ஃபெல்டனில ஒரு அணை, கீழ கெம்ப்ஸில 1932இல கட்டின இன்னொண்டு. ரெண்டுக்கும் நடுவிலதான் எங்கட நாலு படகும் ஓடுது.

வாத்தியார் எழுதியது:

பாசல்வாசி, நல்ல எதிர்வாதம். பாசலுக்கு மேலும் கீழும் இருப்பவை தண்ணீரைச் சேமித்துவைக்கிற அணைகள் அல்ல. வருகிற தண்ணீரை வந்தபடியே விசையாழிக்குள் விட்டு அனுப்புபவை. பாசலில் ரைனின் சராசரி வரத்து வினாடிக்கு 1,000 கனமீட்டருக்கு மேல். அவ்வளவு தண்ணீரும் 200 மீட்டர் அளவே அகலமுள்ள இடைவெளியில் போயாக வேண்டும். ஓட்டம் குறைந்தாலும் அற்றுப்போகாது. கூடவே, உங்கள் படகு ஆள் மட்டும் ஏறுகிற மெல்லிய மரப்படகு. அதை நகர்த்தத் தேவைப்படும் விசை குறைவு. லாரி ஏற்றுகிற எல்பே படகை அங்கே கொண்டுவந்து விட்டால் கதை வேறு.

ஸ்பெயினில் எப்ரோ ஆற்றில் மிராவெட் படகும் உங்கள் பக்கம்தான். மேலே பெரிய அணைகள் இருந்தும், அவற்றுக்குக் கீழே ஆறு மறுபடி இறங்கி ஓடுகிற பகுதியில் இருப்பதால் இன்றும் மோட்டார் இல்லாமல் கார் ஏற்றுகிறது. இரண்டு மர ஓடம், மேலே தளம், அவ்வளவுதான். ஆக, அணை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது. துறை அணைக்கு மேலே தேக்கத்தில் இருக்கிறதா, கீழே ஓட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்லூப்ஸ் தம்பி எழுதியது:

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து எழுதுகிறேன். இந்த மாகாணத்தில் இப்படி ஐந்து துறைகள் இருக்கின்றன: ஃப்ரேசர் ஆற்றில் லிட்டன், பிக் பார், வடக்கு தாம்சனில் மெக்லூர், லிட்டில் ஃபோர்ட், வடமேற்கே ஸ்கீனா ஆற்றில் அஸ்க். எல்லாம் அரசு நடத்துபவை, கட்டணம் கிடையாது. ஆற்றங்கரையான் அண்ணா சொன்னது இங்கே அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது: இந்த மூன்று ஆறுகளின் முதன்மை ஓட்டத்திலும் அணையே இல்லை.

ஃப்ரேசரில் அணை கட்ட முயலாமல் இல்லை. லில்லுயெட்டுக்கு மேலே மோரன் என்ற இடத்தில் பிரம்மாண்ட அணைக்குத் திட்டம் வைத்து நெடுங்காலம் பேசினார்கள். சாமன் மீன் ஆற்றில் ஏறி முட்டையிடும் வழி அடைபட்டுவிடும் என்ற எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. வந்திருந்தால் பிக் பார் துறை நீர்த்தேக்கத்துக்குள் போயிருக்கும். மீனைக் காப்பாற்றியவர்கள் படகையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

லிட்டன் படகில் இரண்டு வண்டிதான் ஏறும். ஊருக்குப் பக்கத்தில் கலங்கலான ஃப்ரேசரும் பச்சைத் தெளிவான தாம்சனும் கலக்கிற இடம் இருக்கிறது. இரண்டு நிறமும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான இன்லாகாப்முக் மக்கள். அவர்களுக்கு இது வேடிக்கைப் படகு அல்ல, கடைக்கும் மருத்துவருக்கும் போகிற வழி. 2021 ஜூன் 29இல் 49.6 டிகிரி வெப்பம் பதிவாகி, மறுநாளே தீயில் எரிந்துபோன ஊர் இதே லிட்டன்தான்.

வசந்தத்தில் பனி உருகி ஆறு பொங்கும்போதும், அடிமரங்கள் மிதந்து வரும்போதும், குளிர்காலத்தில் பனிக்கட்டி ஓடும்போதும் படகை நிறுத்திவிடுவார்கள். அப்போது லிட்டனில் ரயில்பாலத்தை ஒட்டிய நடைபாதையில் ஆற்றைத் தாண்ட வேண்டும். வண்டி அந்தக் கரையிலேயே நிற்கும், மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பிக் பாரிலும் அஸ்கிலும் வடத்தில் தொங்குகிற கூண்டில் ஆட்களை மட்டும் கடத்துவார்கள். பாலம்கட்டி சொன்ன மெனர் படகிலும், ஆறு வற்றிய மாதங்களில் வடத்தில் மூன்று நான்கு பேர் ஏறுகிற ஒரு மேடையைத் தொங்கவிட்டு ஓட்டினார்கள் என்பது இங்கே நினைவுக்கு வந்தது.

பாலம்கட்டி எழுதியது:

மோரன் அணைத் தகவல் முக்கியமானது, தம்பி. ஆற்றங்கரையானின் காரணம் கிராமத் துறைகளுக்குப் பொருந்துகிறது. நகரத் துறைகளுக்கு என் காரணம் அப்படியே நிற்கும். ஆனால் அணை இல்லாத ஆறு என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. 2018 கோடை வறட்சியில் எல்பே ஆற்றில் நீர்மட்டம் விழுந்து பல துறைகளில் படகு நின்றது. அடித்தட்டு மணலைத் தொட்டால் ஓட்டம் இருந்தும் பயனில்லை. வெயில் கூடுகிற காலத்தில் எல்பே போன்ற ஆற்றில் இந்தத் துறைகளை நடத்துகிற சின்னச் சின்ன ஊராட்சிகள் வருமானம் இல்லாத மாதங்களை எப்படித் தாங்கும் என்பதுதான் என் கவலை. வடத்தைச் சோதிக்க வேண்டும், படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்க வேண்டும், ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆறு இலவசமாகத் தள்ளுகிறது என்பதால் இந்தச் செலவுகள் குறைவதில்லை.

நொய்யல் எழுதியது:

கடைசியா ஒண்ணு. நீளவாக்கில வடம் போட்ட இடத்துல கப்பல் வந்தா என்ன செய்வாங்க? வடமும் மிதவையும் ஆத்துக்கு நடுவுல கிடக்குமே.

ஆற்றங்கரையான் எழுதியது:

அதற்கு ஒழுங்கு இருக்கிறது தம்பி. எல்பேயில் வடத்தைத் தாங்கும் மிதவைகள் தூரத்திலிருந்தே கப்பலோட்டிக்குத் தெரியும்படி இருக்கும். வடத்தின் மேல்நுனி எந்தக் கரைப்பக்கம் ஊன்றியிருக்கிறதோ, அந்தக் கரையில் படகு ஒதுங்கி நிற்கும்போது மிதவை வரிசையும் அதே பக்கம் ஒதுங்கிவிடும். மறுபாதி ஆறு திறந்திருக்கும். கப்பல் வருவது தெரிந்தால் படகோட்டி அந்தக் கரையிலேயே காத்திருப்பார், இல்லையென்றால் முந்திக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். குறுக்கே பாதியில் இருக்கும்போது கப்பல் நெருங்குவதுதான் கூடாது.

ராத்தனுக்குப் போகிறவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். டிரெஸ்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் நிலையம் ஒரு கரையில், பாஸ்டை பாறைக்கு ஏறும் வழி மறுகரையில். நடுவில் இந்தப் படகு. மலையேறப் போகிற அவசரத்தில் எல்லாரும் முன்பக்கமாகக் கூடி நிற்பார்கள். நீங்கள் மேலோட்டத்தைப் பார்த்த பக்கம் போய் நில்லுங்கள். வடம் தண்ணீரிலிருந்து விறைத்து எழும்புவதும், ஓட்டுநர் சுக்கானைத் திருப்பியதும் மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கம் மாறுவதும் அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும்.